படத்தில் விழாத வலி

வலி என்று யாராவது சொன்னால், துப்பு அத்தை முதலில் அவர்களுடைய செருப்பைத்தான் பார்ப்பாள். கால் இழுத்து நடக்கிறவனுக்கு ஒரு செருப்பு மற்றதைவிடக் கூடுதலாகத் தேய்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், அந்த ஆள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு வரும்போது மட்டும் நொண்டுகிறான் என்று அர்த்தம். அவளுக்கு அதுதான் வேலை. வேலையில் அடிபட்டு இழப்பீடு கேட்கிறவர்களில் யாருக்கு நிஜமாகவே அடிபட்டது, யார் நடிக்கிறார்கள் என்று வெளியே போய்ப் பார்த்துப் படம் எடுத்து வருகிற வேலை.

துப்பு அத்தை என்று பெயர் வைத்தது அண்ணன் மகள். அத்தை பிரிட்ஜைத் திறந்து பார்த்தே இனிப்பை யார் எடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். வீட்டில் ஆரம்பித்தது, அலுவலகம் வரை போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றியெல்லாம் விசாரித்தே எல்லாரையும் கழித்துவிட்டாள் என்று அண்ணி கேலி செய்வாள். அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள்.

தொழிலில் அவளை மிஞ்ச ஆளில்லை. கீரைக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணிப்பையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஐம்பது வயதுப் பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கீரைக்கு நடுவில் போன் இருக்கும். அப்படி நின்றே, இடுப்பு ஒடிந்ததாகச் சொன்னவர் பீரோவை மாடிக்கு ஏற்றியதையும், கழுத்து திரும்பாது என்றவர் எதிர்வீட்டை எட்டிப் பார்த்ததையும் படம் பிடித்திருக்கிறாள்.

அந்தப் பையை வருடக்கணக்கில் ஒரே தோளில் மாட்டியதாலோ, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததாலோ, ஒருநாள் அவளுடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் சும்மா ஒரு உளைச்சல்தான். பிறகு கை காதுக்கு மேலே போகவில்லை. தலை வாரிக்கொள்ள முடியவில்லை. அண்ணிதான் வாரிவிட்டாள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படத்துல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

"ஒண்ணும் இல்லாம எப்படி சார் இப்படி வலிக்கும்?"

"சில பேருக்கு இருக்கும். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

படியிறங்கும்போது அவளுக்கு முகம் சுட்டது. 'படத்தில் ஒன்றும் இல்லை' என்று அவளே எத்தனையோ அறிக்கைகளில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். அலுவலகத்தில் விடுப்பு கேட்டபோது மேனேஜர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தோள் வலியா? நம்மகிட்டயேவா?" என்று சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். அதற்குமேல் விடுப்பு கேட்கத் தோன்றவில்லை.

மசாஜ் பேச்சை எடுத்தது அண்ணிதான். கடைவீதியில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே பெண்களுக்கு மட்டுமான மசாஜ் நிலையம் இருந்தது. அண்ணி ஒருதரம் போய் வந்திருந்தாள்.

"ஒரு வாரம் உடம்பு பஞ்சு மாதிரி இருந்துச்சு, தெரியுமா?"

"பஞ்சு மாதிரி இருந்துச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"என் உடம்பு. வேற என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

"காசு கொடுத்தாச்சு, இல்லைன்னு சொன்னா நாமதான் ஏமாளி. அதனால எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க."

"அப்போ நீயே போய் அவங்களைக் கையும் களவுமா பிடிச்சுட்டு வா. அந்தச் சாக்குலயாவது உன் கை மேல போகட்டும். தினம் உன் தலையை வாரி எனக்குத் தோள் வலி வந்துடும் போல இருக்கு."

அந்தச் சாக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

போன உடனே வேலையை ஆரம்பித்துவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் முத்திரையை மூக்கு இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். துண்டுகளை முகர்ந்தாள். எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்த்து, சமையல் எண்ணெயில் வாசனை கலந்திருக்கிறார்களா என்று விரலில் தேய்த்துப் பார்த்தாள். முதலாளியம்மா, பேச்சில் தேன் வழிகிற பெண், "ஸ்பெஷல் பேக்கேஜ் இருக்குங்க" என்று ஆரம்பித்ததும், "சாதாரணமே போதும்" என்று வெட்டினாள். அறைக்குள் விட்டதும் கூரையையும் சுவிட்சுகளையும் ஆராய்ந்தாள். கேமரா எதுவும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதானே கேமராவின் லட்சணம் என்று, தன் துப்பட்டாவை எடுத்துச் சுவர்க்கடிகாரத்தின் மேல் போர்த்தினாள்.

உள்ளே வந்தவளுக்கும் அவள் வயதுதான் இருக்கும். அங்கே வேலை செய்கிற பெண்களில் மூத்தவள் என்பதால் எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். மூடியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. "எந்தப் பக்கம்மா?" என்றாள்.

"வலது."

குப்புறப் படுத்து, முகத்தை மேஜையின் ஓட்டையில் வைத்தால் தரை மட்டும் தெரிந்தது. முகம் தெரியாத ஒருத்தியிடம் முதுகைக் கொடுத்துவிட்டுக் கிடப்பது துப்பு அத்தைக்கு அறவே பிடிக்கவில்லை. எப்போதும் அவள்தான் மற்றவர்களுடைய முதுகைப் பார்க்கிறவள்.

கைகள் பட்டதும் உடம்பு விறைத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று புரிந்தது. இந்தப் பெண்ணின் இடது கைதான் வேலை செய்கிறது. அந்தக் கட்டைவிரலும் முழங்கையும் எலும்பின் ஓரமெல்லாம் தேடிப் பிடித்து அழுத்துகின்றன. வலது கை சும்மா மேலே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். துணி காயப்போட்ட மாதிரி. 'ஆகா, பிடித்துவிட்டேன்' என்று நினைத்தாள். முழுக் கூலி, அரை வேலை. போகும்போது முதலாளியம்மாவிடம் கேட்டுவிட வேண்டும்.

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே தோள்பட்டை எலும்புக்குக் கீழே எங்கேயோ ஒரு முடிச்சில் அந்த இடது கட்டைவிரல் போய் நின்றது. நகரவே இல்லை. வலி உச்சிக்கு ஏறி, பிறகு எதுவோ விட்டுக்கொடுத்தது போல் இறங்கியது. துப்பு அத்தையின் கண்ணிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. எண்ணெய் நெடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மறக்காமல் கேட்டாள்: "உங்க பெரியக்கா ஒரு கையாலதானே பண்றாங்க?"

முதலாளியம்மா அசரவில்லை. "அந்த ஒரு கைக்குன்னே தேடி வர்றவங்க இருக்காங்கம்மா. வலி போச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"போன மாதிரி இருக்கு. நாளைக்குத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து, மேல்தட்டிலிருந்த டப்பாவை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். எந்தக் கையால் எடுத்தோம் என்று அப்போதுதான் கவனித்தாள். அண்ணி வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கை மேல போகுதா?"

"தற்செயல்" என்றாள் துப்பு அத்தை.

சில நாள் நன்றாகவே இருந்தது. பிறகு வலி மெல்லத் திரும்பியது, முன்பு போல் அத்தனை மூர்க்கமாக இல்லை. 'பார்த்தாயா, தீரவில்லை' என்று ஒரு மனம் ஜெயித்துக் காட்டியது. 'ஆனால் சில நாள் தலை வாரினாயே' என்று இன்னொன்று முனகியது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு எழுதுவது தொழிலுக்கு அழகில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் போனாள்.

இந்தத் தடவை அறையில் காத்திருந்தபோது, பெரியக்கா வெந்நீர்ப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசற்படி கொஞ்சம் உயரம். அதில் ஏறுவதற்காக உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, தாடையை இறுக்கி, ஒரு காலை முன்னால் வைத்தாள்.

துப்பு அத்தைக்கு அந்தச் சாய்வு தெரியும். அதை அவளே படம் எடுத்திருக்கிறாள். அந்தப் படத்தில் பக்கெட் வலது கையில் இருந்தது, இப்போது இடது கையில் இருக்கிறது. முகம் இத்தனை வருடத்தில் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது, சாய்வு மாறவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஈரத் துணி ஏற்றிய தள்ளுவண்டி சரிந்து, தாங்கிப் பிடிக்கப்போன ஒரு பெண்ணின் வலது தோள் விட்டுப்போனது. இனி கனமெல்லாம் தூக்க முடியாது, வேலையும் போய்விட்டது என்று இழப்பீடு கேட்டிருந்தாள். துப்பு அத்தை அவள் தெருவில் கீரைப்பையோடு சில நாள் நின்றாள். தெருக்குழாயிலிருந்து அந்தப் பெண் வலது கையால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுவது கச்சிதமாகக் கிடைத்தது. அடுத்த படத்தில் அவள் அதே படியில் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்திருந்தாள். 'நம்மைப் பார்த்துவிட்டாள், நடிக்கிறாள்' என்று துப்பு அத்தை அன்றைக்கு முடிவு செய்தாள். முதல் படம் அறிக்கையோடு போனது. இரண்டாவது போகவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மேனேஜர் அந்தப் படத்தைக் காட்டி, "இப்படி எடுக்கணும்" என்பார்.

இப்போது அவள் அதே பெண்ணின் முன்னால் சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தாள்.

தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் ஒன்றும் பேசாமல் இருக்கிறாளோ? முழங்கை கழுத்தின் அருகில் வரும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு நின்றது. அதே நேரத்தில் பழைய புத்தியும் கணக்குப் போட்டது: தோள் போனவள் எப்படி மசாஜ் செய்வாள்? அப்போ நான் எழுதியது சரிதானே? ஆனால் முதுகு வேறு சொன்னது. மேலே இருக்கிற வலது உள்ளங்கையில் பலமே இல்லை. யாருக்காக இங்கே நடிக்கப் போகிறாள்? பார்ப்பதற்குத்தான் யாருமில்லையே.

வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டுக் கேட்டே பழகிய வாய்.

"முன்னாடி என்ன வேலைம்மா பார்த்தீங்க?"

"ஆஸ்பத்திரி லாண்டரி. அடிபட்டு வீட்ல உக்காந்துட்டேன். அப்புறம் இந்தம்மாதான் கூப்பிட்டு இதைக் கத்துக்கொடுத்தாங்க. ஒரு கை போதும், முழங்கையை வெச்சுப் பண்ணலாம்னாங்க."

"காசு எதுவும் கிடைக்கலையா?"

பெரியக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "கிடைச்சிருக்கும். எவனோ ஒருத்தன் ஒளிஞ்சு நின்னு நான் பக்கெட் தூக்குறதைப் படம் எடுத்துட்டான். தூக்கினேன், இல்லைங்கல. வீட்ல படுத்த படுக்கையா அம்மா. தண்ணியை யார் கொண்டு வருவா? தூக்கிட்டு ராத்திரியெல்லாம் கதறினேன், அதை எவன் படம் எடுத்தான்? எடுத்தவன் கை விளங்காம போகணும்னு தினம் சாபம் விட்டுட்டுத்தான் படுப்பேன்."

துப்பு அத்தைக்குச் சாபத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வலது தோளில் சுரீரென்றது. அந்த அதிர்ச்சியில்தான் அவள் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"இடது கை நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் வலது கையால தூக்கினீங்க?"

முதுகின் மேலிருந்த கைகள் நின்றன.

"வலது கைன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள் பெரியக்கா.

எத்தனை பேரை இப்படி ஒரு வார்த்தையில் மடக்கியிருப்பாள் துப்பு அத்தை! இப்போது அவளே மாட்டிக்கொண்டாள். அடிபட்ட கையைத்தானே சொல்வார்கள் என்று சமாளித்திருக்கலாம். எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

பெரியக்கா ஓரடி பின்னால் போய் அவளைப் பார்த்தாள். எவனோ ஒருத்தன் என்று இத்தனை வருடமாகத் திட்டிய ஆள், எண்ணெய் வழிகிற தோளோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு பாய்ந்து போய்த் துணிப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீப்பு, சாவி, கீரை, போன் எல்லாம் மேஜையில் விழுந்தன.

"இப்பவும் எடுத்தியா? காட்டு! இந்தப் பொழப்பையும் பிடுங்க வந்தியா? யார் அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. சத்தியமா எனக்குத் தோள் வலி."

"தோள் வலியாம்! கடிகாரத்தை மூடி வெச்சப்பவே நினைச்சேன், இது சரியான ஆளில்லைன்னு."

சத்தம் கேட்டு முதலாளியம்மா ஓடிவந்தாள். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள் துப்பு அத்தை. அண்ணன் மகளின் பிறந்தநாள், மாடியில் காய்ந்த துணி, ஏதோ ஒரு தெரு. "அன்னிக்கு பக்கெட் படத்துக்கு அடுத்து இன்னொரு படம் எடுத்தேன். நீங்க உக்காந்துட்டது. அதை நான் சேர்க்கல" என்று சொன்னாள். சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "சட்டையைப் போட்டுட்டு வெளிய போ" என்றாள் பெரியக்கா. வாசலைக் காட்டத் தூக்கிய கை பாதியிலேயே இறங்கியது. எந்தக் கை என்று துப்பு அத்தை பார்க்காமல் இருக்க முயன்றாள். வலது.

மறுநாள் அலுவலகத்தில், விட்டுப்போன படத்தைச் சேர்த்து அந்த விண்ணப்பத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிஞ்சுபோன கேஸை ஏன் கிளறுறீங்க? அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். எனக்கு மசாஜ் பண்ணவங்க."

"ஓ." அந்த ஓவில் எல்லாம் இருந்தது. "ஓசியிலயா?"

"காசு கொடுத்துத்தான் சார்."

"சரி, பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். நினைத்த மாதிரியே அந்த வாரத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஆள் செய்தித்தாளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். பல வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராகப் போனாள்.

"சார், பக்கத்தையாவது திருப்புங்க. வந்ததுலேருந்து ஒரே விளம்பரத்தைப் படிக்கிறீங்க."

அவர் அசடு வழிந்தார். "மேலிடத்து உத்தரவு. தப்பா நினைக்காதீங்க. நீங்க அங்க இலவசமா போறீங்களான்னு..."

"அங்க என்னை உள்ளயே விடமாட்டாங்க. அதையும் எழுதிக்கோங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முதுகில் யாரோ பார்ப்பது போலவே இருந்தது. சும்மா குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தால்கூட, அது படத்தில் எப்படி விழும் என்று தோன்றியது. தோளைத் தேய்த்துக்கொள்ளக் கை போனது. நடிக்கிறாள் என்று எழுதுவார்களே என்று கையை இறக்கிக்கொண்டாள்.

"கடைசியா சொல்லு, மசாஜ் போறது பிரயோஜனமா, இல்லையா?" என்று அண்ணி ஒருநாள் தலை வாரிக்கொண்டே கேட்டாள். அப்போது வலி முழுசாகத் திரும்பியிருந்தது.

"போனப்போ கை மேல போச்சு. விட்டதும் இறங்கிடுச்சு. இதுக்கு மேல எனக்குத் தெரியல அண்ணி."

ஆதாரம் கேட்காமல் அவள் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணி சீப்பை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்யவில்லை.

அவள் இலவசமாகப் போனதற்கு எந்தப் படமும் கிடைக்காததால், கம்பெனி கடைசியில் மறுபரிசீலனைக்கு ஒத்துக்கொண்டது. அதற்குப் பெரியக்காவின் கையெழுத்து வேண்டியிருந்தது. முதலாளியம்மா வழியாகச் சொல்லி அனுப்பியபோது, இது இன்னொரு வலை என்று பெரியக்கா மறுத்துவிட்டாள். துப்பு அத்தை செருப்புக்கடை வாசலில் போய் நின்றாள். இந்தத் தடவை கீரைப்பை இல்லை. மாடி ஜன்னலிலிருந்து பெரியக்கா பார்த்துவிட்டுத் திரையை இழுத்தாள். வேறொரு நாளும் அதேதான். அதற்கப்புறம் ஒருநாள் கீழே இறங்கி வந்து, "கையெழுத்துப் போடுறேன். உன்னை நம்பி இல்ல. நீ என்னதான் பண்றேன்னு பார்க்கணும்" என்றாள்.

விசாரணைக்குக் கம்பெனி வெளியிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தது. துப்பு அத்தை, தான் எடுத்து ஒதுக்கிய படத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் சொன்னாள். ஏன் ஒதுக்கினாய் என்று கேட்டதற்கு, "நடிப்புன்னு நினைச்சேன்" என்றாள். நினைத்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். "எதுவும் இல்லை" என்றாள். ஏன் வலது கையால் தூக்கினாய் என்று பெரியக்காவிடம் கேட்டதற்கு, "பழக்கம் சார். தூக்கின அப்புறம்தான் வலி ஞாபகம் வரும்" என்றாள். டாக்டர் பெரியக்காவின் இரண்டு கையையும் தள்ளச் சொல்லி, இழுக்கச் சொல்லிப் பார்த்தார். வலது தோளின் சதை வற்றியிருப்பதைத் தொட்டுக் காட்டினார். கேட்டதில் ஒரு பகுதி தரலாம் என்று முடிவானது. முழுவதும் இல்லை. இப்போது வேறு வேலை செய்கிறாளே என்பது கம்பெனியின் வாதம். துப்பு அத்தையை வெளிவேலையிலிருந்து எடுத்து, உள்ளே தபால் பிரிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள்.

வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே பஸ் நிறுத்தம். நிழல் ஒரு ஆள் நிற்கிற அளவுதான் இருந்தது. பெரியக்கா அதில் நின்றாள். துப்பு அத்தை வெயிலில் நின்றாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது பெரியக்காதான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். உனக்கு நிஜமாவே தோள் வலியா, இல்ல அன்னிக்கு என்னை வேவு பார்க்கத்தான் வந்தியா?"

"நிஜமாவே வலி. இப்பவும் வலிக்குது."

பெரியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வலது தோள் கொஞ்சம் தூக்கியிருப்பதையும், கைப்பை இடது தோளுக்கு மாறியிருப்பதையும் நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.